வீரிய ஒட்டு விதையும் மரபணு மாற்று விதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதைப் பொட்டலத்தில் "ஹைபிரிட்" (வீரிய ஒட்டு) என்ற சொல்லைப் பார்த்ததுமே "இது மரபணு மாற்றியதா?" என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டுகளாகப் பி.டி. பருத்தி (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணு சேர்த்த பருத்தி) போட்டும் அதை வெறும் ஒட்டு விதை என்றே நினைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் குழப்பத்துக்கு விவசாயிகளையோ நுகர்வோரையோ குறை சொல்ல முடியாது. நம் நாட்டில் சட்டப்படி வணிக அளவில் பயிராகும் ஒரே மரபணு மாற்றுப் பயிர் பருத்தி. அந்தப் பருத்தியில் மரபணு மாற்றமும் ஒட்டு வீரியமும் முதல் நாளிலிருந்தே ஒரே பொட்டலத்துக்குள் சேர்ந்து வந்தன. எனவே கீழே உள்ள பதில்களில் பருத்தியே முன்னால் நிற்கிறது. மற்றப் பயிர்கள் தேவைப்படும் இடத்தில் வருகின்றன.

வீரிய ஒட்டு ரகமும் மரபணு மாற்றுப் பயிரும் ஒன்றுதானா?

இல்லை. வீரிய ஒட்டு ரகம் என்பது விதை எப்படி உற்பத்தியாகிறது என்பதைப் பற்றியது. தனித்தனியாகப் பேணப்படும் இரண்டு பெற்றோர் வரிசைகளைக் கலந்து, அந்தக் கலப்பின் முதல் தலைமுறையை விதையாக விற்பதே ஒட்டு விதை. மரபணு மாற்றம் என்பது செடிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியது. இயற்கையான மகரந்தச் சேர்க்கையால் வந்து சேர முடியாத ஒரு மரபணுவை, பெரும்பாலும் வேறோர் உயிரினத்திலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் செடியின் உயிரணுவுக்குள் சேர்ப்பதே அது.

இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்பதால் நான்கு விதமான விதைகள் இருக்க முடியும். கரிசல் காட்டுக் கருங்கண்ணிப் பருத்தி ஒட்டும் அல்ல, மரபணு மாற்றியதும் அல்ல. கடையில் வாங்கும் ஒட்டுத் தக்காளி விதை ஒட்டு மட்டுமே. வங்கதேசத்தின் பி.டி. கத்தரி மரபணு மாற்றியது, ஆனால் ஒட்டு அல்ல. இந்தியாவில் விற்கும் பி.டி. பருத்தி பெரும்பாலும் இரண்டுமே. ஒரு விதையைப் பற்றி யாராவது நல்லதோ கெட்டதோ சொன்னால், அந்தக் குணம் மரபணுவால் வந்ததா, ஒட்டுத்தன்மையால் வந்ததா என்று முதலில் பிரித்துக் கேட்க வேண்டும். பி.டி. பருத்தியைப் பற்றிய சண்டைகளில் பாதி, இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை என்பது என் எண்ணம்.

ஒட்டு விதையை எப்படி உற்பத்தி செய்கிறார்கள்?

பருத்தியில் இது முழுக்கக் கைவேலை. சேலம், தருமபுரி மாவட்டங்களில், குறிப்பாக ஆத்தூர்ப் பக்கத்தில், இந்த வேலை நீண்ட காலமாக நடந்து வருகிறது. பெண் பெற்றோருக்கென ஒதுக்கிய வரிசைகளில், மறுநாள் காலையில் மலரப்போகும் மொட்டை முந்தின நாள் பிற்பகலிலேயே தேர்ந்தெடுப்பார்கள். கட்டைவிரல் நகத்தால் மொட்டின் அடியைச் சுற்றிக் கீறி, அல்லி இதழ்களையும் மகரந்தப் பைகள் ஒட்டியிருக்கும் குழலையும் ஒரே இழுப்பில் உருவி எடுப்பார்கள். சூலகத்தில் நகம் பட்டுவிட்டால் காய் நிற்காது. ஒரே ஒரு மகரந்தப் பை மிஞ்சிவிட்டாலும் செடி தன் மகரந்தத்தாலேயே சூல்கொண்டு கலப்பு கெட்டுவிடும். வெறும் சூல்முடியோடு நிற்கும் மொட்டின்மேல் சிவப்புக் காகித உறையை மாட்டுவார்கள். மறுநாள் காலை 9 மணிக்கு மேல் ஆண் பெற்றோர்ச் செடியிலிருந்து பறித்த பூவின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, சிவப்பு உறையை எடுத்துவிட்டு வெள்ளை உறையை மாட்டுவார்கள். முடிந்த பூ எது, முடியாத பூ எது என்று உறையின் நிறமே காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு காய்க்கும் இவ்வளவு வேலை இருப்பதால்தான் ஒட்டுப் பருத்தி விதை விலை கூடியது. இந்த வேலைக்குச் சிறுமிகளை அமர்த்திய கொடுமை ஆந்திரம், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் வெளிச்சத்துக்கு வந்து, பல்லாண்டுப் போராட்டங்களுக்குப் பிறகே குறையத் தொடங்கியது. அதற்கும் மரபணு மாற்றத்துக்கும் தொடர்பில்லை. அது ஒட்டு விதைக்கு நாம் கொடுத்த விலை.

நெல்லில் பூ மிகச் சிறியது. கையால் ஆண்மை நீக்கி வணிக அளவில் விதை எடுக்க இயலாது. ஆகவே மகரந்தம் உண்டாகாத ஆண் மலட்டு வரிசையைப் பெண்ணாக வைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.ஆர்.எச். 3, கோ.ஆர்.எச். 4 போன்ற ஒட்டு நெல் ரகங்கள் அப்படி வந்தவை. அவற்றிலும் வெளி மரபணு எதுவும் சேர்க்கப்படவில்லை.

ஒட்டு விதையிலிருந்து வரும் விதையை எடுத்துவைத்து மறுபடி விதைக்கக் கூடாதா?

விதைக்கலாம், முளைக்கும். ஆனால் முதல் ஆண்டு கண்ட வயல் இரண்டாம் ஆண்டு இருக்காது. இரு பெற்றோரின் வேறுபட்ட மரபணுக்கள் சேர்ந்திருப்பதால் முதல் தலைமுறையில் எல்லாச் செடிகளும் ஒரே சீராக, கூடுதல் வீரியத்தோடு நிற்கின்றன. அடுத்த தலைமுறையில் அந்த மரபணுக்கள் மரபியல் அறிஞர் மெண்டல் கண்ட விதிப்படி பிரிந்து பலவாறாகச் சேர்வதால் ஒரு செடி நெட்டையாகவும், மற்றொன்று குட்டையாகவும், ஒன்று முந்தியும், இன்னொன்று பிந்தியும் வருகின்றன. வீரியமும் குறைகிறது.

"கம்பெனிக்காரன் விதையை மலடாக்கிவிட்டான்" என்ற பேச்சு ஊர் ஊராகக் கேட்கிறது. விதையை மலடாக்கும் தொழில்நுட்பம் ஒன்றுக்கு 1998-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது உண்மை. ஆனால் அது எந்த நாட்டிலும் வணிகப் பயிரில் இறங்கவில்லை. இந்தியாவின் 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், அத்தகைய தொழில்நுட்பம் கொண்ட ரகங்களைப் பதிவு செய்யவே தடை விதிக்கிறது. பி.டி. பருத்தி விதையை ஆண்டுதோறும் வாங்க வேண்டியிருப்பது அது ஒட்டு விதை என்பதால்தான். அதே பி.டி. மரபணுவை ஒரு நேர் ரகத்தில், அதாவது விதை எடுத்தாலும் குணம் மாறாத ரகத்தில் வைத்திருந்தால், விவசாயி தன் வயலிலிருந்தே விதை எடுத்திருக்க முடியும்.

பசுமைப் புரட்சி ரகங்கள் எல்லாம் ஒட்டு ரகங்கள்தாமே?

பேச்சு வழக்கில் அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் சரியல்ல. ஐ.ஆர். 8, ஆடுதுறை 27, பருத்தியில் எம்.சி.யு. 5 ஆகியவை எல்லாம் இரண்டு அல்லது பல ரகங்களைக் கலந்து, பிறகு பல தலைமுறைகள் தேர்ந்தெடுத்து, குணம் நிலைப்பட்ட பின் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட ரகங்கள். அவற்றின் விதையைக் கவனமாக எடுத்தால் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். கரும்பு தனிக் கதை. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் நாட்டுக் கரும்பையும் காட்டில் வளரும் நாணல் போன்ற காட்டுக் கரும்பையும் கலந்து உருவாக்கிய கோ. 205, இரு வேறு இனங்களின் கலப்பு. கரும்பைக் கரணை நட்டே பெருக்குவதால் அங்கே விதை பிரிந்துபோகும் சிக்கலே எழவில்லை.

மரபணு மாற்றத்தின்போது உண்மையில் என்ன செய்கிறார்கள்?

பி.டி. பருத்தியையே எடுத்துக்கொள்வோம். மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாகப் பி.டி.) என்ற பாக்டீரியா, சில பூச்சிகளின் புழுக்களைக் கொல்லும் புரதங்களை உண்டாக்குகிறது. அதில் ஒரு புரதத்துக்குரிய கிரை1ஏசி என்ற மரபணுவைப் பிரித்தெடுத்து, செடிக்குள் வேலை செய்யும்படி முன்னும் பின்னும் கட்டளைத் தொடர்களைச் சேர்த்தார்கள். பின் அதை அக்ரோபாக்டீரியம் என்ற மற்றொரு மண் பாக்டீரியாவின் வழியாகப் பருத்தியின் திசுவுக்குள் செலுத்தினார்கள். அக்ரோபாக்டீரியம் இயல்பாகவே தன் டி.என்.ஏ.வின் ஒரு துண்டைச் செடிக்குள் நுழைத்துக் கழலையை உண்டாக்கும் கிருமி. அந்தத் துண்டை வெட்டிவிட்டு வேண்டிய மரபணுவை வைத்து அனுப்புகிறார்கள்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் பலரும் அறியாத பகுதி. திசுவிலிருந்து முழுச் செடியை மீட்டெடுக்கும் வேலை எல்லாப் பருத்தியிலும் எளிதில் கைகூடுவதில்லை. ஆகவே கோக்கர் 312 என்ற பழைய அமெரிக்க ரகத்தில்தான் முதலில் மரபணுவைச் சேர்த்தார்கள். அந்த ரகம் நம் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்றதல்ல. எனவே அதை இந்தியப் பெற்றோர் வரிசைகளோடு கலந்து, பிறக்கும் செடிகளில் மரபணு உள்ளவற்றைப் பொறுக்கி, மீண்டும் மீண்டும் இந்தியப் பெற்றோரோடே பின்கலப்பு செய்து, கடைசியில் ஏறக்குறைய முழுதும் இந்தியப் பெற்றோராகவும் அந்த ஒரு மரபணு மட்டும் புதியதாகவும் இருக்கும் வரிசையைப் பெற்றார்கள். அதாவது, மரபணு மாற்றுப் பயிரும் பழைய கலப்பு முறையின் தோளில் ஏறித்தான் வயலுக்கு வருகிறது. பின்கலப்புக்கு எந்த ரகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே விவசாயியின் வயலில் அது பலன் தருமா என்பது முடிவாகிறது.

புழுவைக் கொல்லும் புரதம் மனிதரைப் பாதிக்காதா?

இந்தப் புரதம் காரத்தன்மை மிக்க குடலில் கரைந்து, அங்குள்ள நொதிகளால் வெட்டுப்பட்டு, குடல் சுவரில் உள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டால்தான் நஞ்சாகிறது. குடல் சுவரில் துளை விழுந்து புழு தின்பதை நிறுத்தி இறக்கிறது. மனிதரின் இரைப்பை அமிலத்தன்மை கொண்டது. அந்த ஏற்பிகளும் நம் குடலில் இல்லை. இதே பாக்டீரியாவை இயற்கை விவசாயத்திலும் தெளிப்பு மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் செடி முழுவதும் எந்நேரமும் இருக்கும் புரதமும் எப்போதாவது தெளிக்கும் மருந்தும் ஒன்றல்ல என்பதால், ஒவ்வொரு மரபணு மாற்றத்தையும் தனித்தனியே சோதிப்பது முறையானதே.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நாம் செய்துவரும் கலப்பும் மரபணு மாற்றம்தானே?

இது பாதி உண்மை. கலப்பு செய்யும்போதும் மரபணுக்கள் இடம் மாறுகின்றன; அதுவும் ஒன்றிரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில். ஆனால் கலப்புக்கு எல்லை உண்டு. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியில் 26 குரோமோசோம்களும், அமெரிக்கப் பருத்தியில் 52 குரோமோசோம்களும் இருப்பதால் இவ்விரண்டையும் கலந்தால் கிடைப்பவை பெரும்பாலும் மலட்டுச் செடிகள். பருத்திக்குள்ளேயே இவ்வளவு தடை இருக்க, பாக்டீரியாவின் மரபணு கலப்பின் வழியாக வந்து சேர வாய்ப்பே இல்லை. அந்த எல்லையைத் தாண்டுவதுதான் மரபணு மாற்றம். அதைப் பழைய கலப்பின் தொடர்ச்சி என்று சொல்லி மக்களின் ஐயத்தை அடக்கப் பார்ப்பது நேர்மையான வாதம் அல்ல.

மறுபக்கத்தில், கலப்பு முறையில் வந்தது என்பதற்காகவே ஒரு பயிர் பாதுகாப்பானது என்று சொல்வதும் தவறு. அமெரிக்காவில் 1967-இல் வெளியான லெனாப்பே என்ற உருளைக்கிழங்கு, காட்டு உறவோடு கலந்து உருவானது. அதில் கசப்பு நஞ்சான கிளைக்கோ ஆல்கலாய்டு அளவுக்கு மீறி இருந்ததால் திரும்பப் பெற்றார்கள். அதே நேரம், பிரேசில் கொட்டையின் ஒரு மரபணுவைச் சோயாவில் சேர்க்க முயன்றபோது, அந்தப் புரதம் ஒவ்வாமை உண்டாக்கும் என்பது சோதனைக் கட்டத்திலேயே தெரிந்து, அந்த முயற்சி சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது. கதிர்வீச்சால் திடீர் மாற்றங்களைத் தூண்டி உருவாக்கிய ரகங்களும் நம்மிடையே உள்ளன. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் டி.ஏ.ஜி. 24 நிலக்கடலை அவ்வழியில் வந்து பரவலாகப் பயிரானது. அதற்கு உயிர்ப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி தேவைப்படவில்லை. எந்த முறையில் வந்தது என்பதோடு, வந்து சேர்ந்த குணம் என்ன என்பதையும் பார்த்தே ஒரு பயிரை எடைபோட வேண்டும்.

பி.டி. பருத்தியால் விளைச்சல் கூடியதா, ஒட்டு வீரியத்தால் கூடியதா?

2002 மார்ச்சில் மூன்று பி.டி. ஒட்டு ரகங்களுக்கு மத்திய அரசின் குழு அனுமதி அளித்தபோது, நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 300 கிலோ பஞ்சை ஒட்டி இருந்தது. 2007-08-இல் அது 550 கிலோவைத் தொட்டது. அதன் பிறகு பெரிதாக ஏறவில்லை. பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் பி.டி. ஆன பின்னும் 450 கிலோ அளவுக்கு இறங்கி நிற்கிறது.

பி.டி. மரபணு விளைச்சலைக் கூட்டுவதற்கென வைத்தது அல்ல. காய்ப்புழுவால் போகவிருந்த காயைக் காப்பாற்றுவதே அதன் வேலை. 1990-களில் பச்சைக் காய்ப்புழு எந்த மருந்துக்கும் அடங்காமல் விவசாயிகளைக் கடனில் தள்ளியதை அறிந்தவர்கள், தொடக்க ஆண்டுகளில் அந்தப் புழுவுக்கான தெளிப்பு வெகுவாகக் குறைந்ததைச் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் நேர் ரகங்கள் இருந்த இடத்தில் ஒட்டு ரகங்கள் பரவின, உரப் பயன்பாடு கூடியது, குஜராத்தில் பாசனம் விரிந்தது, சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குப் புதிய மருந்துகள் வந்தன. இத்தனையும் ஒரே காலத்தில் நடந்ததால், முழுப் பெருமையையும் மரபணுவுக்குக் கொடுப்பதும் அதற்குப் பங்கே இல்லை என்பதும் சரியாகாது. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவற்றைப் பி.டி. புரதம் ஒன்றும் செய்வதில்லை. 2015-இல் பஞ்சாபில் வெள்ளை ஈ பருத்தியை அழித்தபோது வயல்களில் நின்றது பி.டி. பருத்திதான்.

மற்ற நாடுகளிலும் பி.டி. பருத்தியை ஒட்டு விதையாகத்தான் விற்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரேசில் ஆகிய நாடுகளில் பி.டி. மரபணு நேர் ரகங்களில் இருக்கிறது. அங்கே ஹெக்டேருக்கு ஒரு லட்சம் செடிகள் வரை நெருக்கி விதைத்து, குறைந்த நாட்களில் ஒரே மூச்சாகக் காய்க்க வைத்து, வயலைக் காலி செய்துவிடுகிறார்கள். நம் ஊரில் ஒட்டு விதை விலை கூடியது என்பதால் 4 அடிக்கு 2 அடி என்று இடைவெளி விட்டு நடுகிறோம்; ஹெக்டேருக்கு 14,000 செடிகள் கூட வருவதில்லை. செடி படர்ந்து பெரிதாகி, தண்ணீர் இருந்தால் 180 நாட்களையும் தாண்டி நிற்கிறது.

ஒட்டுப் பருத்தியில் இந்தியாவுக்குப் பெருமையான முன்வரலாறு உண்டு. 1970-இல் சூரத்தில் சி. டி. பட்டேல் உருவாக்கிய எச். 4 உலகின் முதல் வணிக ஒட்டுப் பருத்தி. 1972-இல் தார்வாரிலிருந்து வந்த வரலட்சுமி, அமெரிக்க இனத்தையும் எகிப்தியப் பருத்தியின் இனத்தையும் கலந்தது. ஆனால் மரபணுவை ஒட்டு ரகத்துக்குள் வைத்தே விற்றதற்கு அந்த வரலாற்றை விடப் பெரிய காரணம், விதையை ஆண்டுதோறும் வாங்க வேண்டும் என்ற வணிகக் கணக்கு. அந்தக் கணக்கு மானாவாரிக் கரிசல் விவசாயிக்குப் பொருந்தவில்லை. மழை பொய்த்தால் விலைகொடுத்து வாங்கிய விதை முழுவதும் நட்டம். நாட்டுப் பருத்தியை விதைத்தவருக்கு அந்த இழப்பு சிறியது. அதன் பஞ்சு குட்டையானது என்றாலும் வறட்சியையும் தத்துப்பூச்சியையும் தாங்கும். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணியிலிருந்து வளர்த்தெடுத்த கே. வரிசை ரகங்களுக்கு, பி.டி. வெளியான பிறகு உரிய கவனம் கிடைக்காமல் போனது பெரும் இழப்பு என்றே கருதுகிறேன்.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஏன் திரும்பி வந்தது?

ஒரு நஞ்சை எங்கும் எப்போதும் வைத்தால், அதைத் தாங்கும் புழுக்களே மிஞ்சிப் பெருகும். இதைத் தடுக்க, வயலைச் சுற்றி பி.டி. இல்லாத பருத்தியைப் புகலிட வரிசைகளாக நட வேண்டும் என்று விதி செய்தார்கள். அங்கே வளரும் நஞ்சு தாங்காத அந்துப்பூச்சிகள், தாங்கும் பூச்சிகளோடு இணைந்து அந்தக் குணத்தை நீர்த்துப்போகச் செய்யும். இதற்காகவே 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையையும் தனிப் பையில் கொடுத்தார்கள். ஓர் ஏக்கர் வைத்திருப்பவரிடம் தன் நிலத்தின் ஒரு பகுதியைப் புழுவுக்கு விட்டுக்கொடு என்று கேட்பது எளிதல்ல; அதன் காரணத்தை அவருக்கு விளக்கிச் சொன்னவர்களும் குறைவு. பெரும்பாலான இடங்களில் அந்தச் சிறிய பை பிரிக்கப்படவே இல்லை.

ஒட்டுத்தன்மையும் இதில் தன் பங்கைச் செய்தது. நம் பி.டி. ஒட்டு ரகங்களில் மரபணு பெரும்பாலும் ஒரு பெற்றோரில் மட்டுமே இருக்கும். ஆகையால் வயலில் நிற்கும் செடியின் இலையிலும் சப்பையிலும் (மொட்டிலும்) காய்ச் சுவரிலும் புரதம் உண்டு. ஆனால் காய்க்குள் உருவாகும் விதைகள் அடுத்த தலைமுறை. அவற்றில் மரபணு பிரிந்துவிடுகிறது. ஒரு மரபணு இருந்தால் நான்கில் ஒரு விதையில் அது இருக்காது. 2006-இல் வந்த இரு மரபணு ரகங்களில், 16 விதைகளுக்கு 9-இல் இரண்டும், 6-இல் ஏதேனும் ஒன்றும், ஒன்றில் எதுவுமே இல்லாமலும் அமையும். ஏறக்குறைய 30 விதைகள் உள்ள ஒரு காயைப் பிளந்தால், சுளைக்குச் சுளை நஞ்சுள்ள விதையும் இல்லாத விதையும் அடுத்தடுத்து இருக்கும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு மற்றப் புழுக்களைப் போல் இலையைத் தின்று திரிவதில்லை. முட்டையிலிருந்து வந்ததும் காய்க்குள் நுழைந்து, நுழைந்த துளையும் மூடிக்கொள்ள, உள்ளேயே விதை விதையாகத் தின்று வளர்வது. நஞ்சின் முழு அளவும் இல்லாமல் சிறிது சிறிதாகப் பழகுவதற்கு இதைவிட வசதியான இடம் அதற்கு அமைந்திருக்காது.

இதோடு நீண்ட பருவமும் சேர்ந்தது. இந்தப் புழு பருத்தியையே நம்பி வாழ்வது. குளிர்காலம் கடந்தும் செடியை விட்டுவைத்தால் தலைமுறை மேல் தலைமுறையாகப் பெருகும். குஜராத்தின் சில மாவட்டங்களில் முதல் மரபணுவுக்கு எதிர்ப்புத்திறன் உண்டானது 2010-இல் வெளியானது. சில ஆண்டுகளில் இரு மரபணு ரகங்களும் அதன்முன் தோற்றன. 2017-18 பருவத்தில் மகாராட்டிரம் கண்ட சேதம் இன்னும் பேசப்படுகிறது. அமெரிக்காவோ பி.டி. பருத்தி, மலட்டு அந்துப்பூச்சி வெளியீடு, இனக்கவர்ச்சிப் பொறி, அறுவடைக்குப் பின் உழவு எல்லாவற்றையும் சேர்த்துக் கடைப்பிடித்து, 2018-இல் இந்தப் புழுவையே தன் பருத்தி வயல்களிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தது. மரபணு ஒன்றுதான், அதை எந்த விதைக்குள் வைத்து, எப்படிப் பயிரிட்டோம் என்பதில்தான் வேறுபாடு.

சந்தையில் வாங்கும் காய்கனிகளில் எவை மரபணு மாற்றியவை?

இந்தியாவில் சட்டப்படி விளையும் காய்கனி எதுவும் மரபணு மாற்றியது அல்ல. ஒட்டுத் தக்காளி, ஒட்டு வெண்டை, தைவானிலிருந்து வந்த ரெட் லேடி பப்பாளி எல்லாம் கலப்பில் வந்தவை. விதையில்லாத தர்பூசணி குரோமோசோம் எண்ணிக்கையை மாற்றிக் கலப்பு செய்ததால் வருவது. மக்காச்சோளத்திலும் இங்கே விதைப்பது ஒட்டு விதை மட்டுமே; 2018-இல் தமிழ்நாட்டில் படைப்புழு வந்தபோது அதற்கெதிரான பி.டி. மக்காச்சோளம் எதுவும் நம்மிடம் அனுமதி பெற்றிருக்கவில்லை. ஆனால் பி.டி. பருத்தியின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் நம் உணவில் கலக்கிறது. பருத்திக் கொட்டையும் புண்ணாக்கும் மாட்டுத் தீவனமாகின்றன. இறக்குமதியாகும் சோயா எண்ணெயில் பெரும்பகுதி மரபணு மாற்றுச் சோயாவிலிருந்து வருவது. சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது.

பி.டி. கத்தரி என்ன ஆனது?

2009 அக்டோபரில் மத்தியக் குழு அனுமதித்தது. பல நகரங்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்ட பின், 2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். கத்தரியின் பிறப்பிடங்களில் ஒன்று நம் நாடு என்பதும், இங்குள்ள நூற்றுக்கணக்கான நாட்டு ரகங்களுக்கு மரபணு பரவக்கூடும் என்பதும் அன்றைய முக்கியமான கவலைகள்.

அந்த விவாதத்தில் ஒரு செய்தி அமுங்கிப்போனது. தனியார் நிறுவனம் ஒட்டுக் கத்தரியில் மரபணுவைச் சேர்த்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமோ கோ. 2, எம்.டி.யு. 1, பி.எல்.ஆர். 1 போன்ற நேர் ரகங்களில் சேர்த்தது. அவை வெளியாகியிருந்தால் விவசாயி விதையை எடுத்துவைத்துக்கொள்ள முடிந்திருக்கும். வங்கதேசம் 2013-இல் அனுமதித்தது அத்தகைய நேர் ரகங்களைத்தான். பி.டி. கத்தரியை வேண்டாம் என்றவர்களின் சுற்றுச்சூழல் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் "விதை நம் கையை விட்டுப் போய்விடும்" என்ற வாதம் இந்த ரகங்களுக்குப் பொருந்தாது.

கடுகு விவகாரம் வேறு மாதிரியானதா?

ஆம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு உருவாக்கிய டி.எம்.எச். 11 கடுகில், ஒட்டு விதை எடுப்பதற்காகவே மரபணு மாற்றம் செய்தார்கள். கடுகுப் பூ சிறியது, தன்மகரந்தச் சேர்க்கை மிகுந்தது. எனவே வருணா என்ற ரகத்தில் மகரந்தம் உண்டாகாமல் தடுக்கும் பார்னேஸ் மரபணுவையும், ஆண் பெற்றோரில் அந்தத் தடையை நீக்கும் பார்ஸ்டார் மரபணுவையும் வைத்தார்கள். கூடவே களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு ஒன்றும் இருப்பதே எதிர்ப்பின் முக்கியமான காரணம். 2022 அக்டோபரில் சுற்றுச்சூழல் வெளியீட்டுக்கு அனுமதி பரிந்துரைக்கப்பட்டது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு அளித்தார்கள். இதன் நன்மையை எடைபோடுகிறவர்கள், மரபணு மாற்றமின்றி ஆண் மலட்டு முறையில் வந்த ஒட்டுக் கடுகுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; பழைய நேர் ரகத்தோடு மட்டும் ஒப்பிட்டால் ஒட்டு வீரியத்தின் பலனும் மரபணுவின் கணக்கில் சேர்ந்துவிடும்.

மரபணுத் திருத்தம் என்பதும் இதுதானா?

முழுதும் இல்லை. அங்கே செடியில் ஏற்கெனவே உள்ள மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டியோ சிறிது மாற்றியோ விடுகிறார்கள். இறுதி விதையில் வெளி மரபணு இல்லாத வகைகளுக்கு 2022-இல் மத்திய அரசு மரபணு மாற்றுப் பயிருக்கான விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. 2025 மே மாதத்தில் சம்பா மசூரியிலிருந்தும் எம்.டி.யு. 1010-இலிருந்தும் இவ்வழியில் பெற்ற இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அவை ஒட்டு ரகங்கள் அல்ல.

விதையை எடுத்துவைக்க விவசாயிக்குச் சட்டப்படி உரிமை உண்டா?

உண்டு. 2001-ஆம் ஆண்டு உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும் அதன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு செடிகளுக்கும் விதைகளுக்கும் காப்புரிமை இல்லை என்கிறது. ஒட்டு விதையில் இந்த உரிமை ஏட்டளவில் நிற்பதற்கு மேலே சொன்ன பிரிதல்தான் காரணம்.

கடையில் விதை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பொட்டலத்தில் "ஹைபிரிட்" அல்லது "எஃப்1" என்று இருந்தால் அது ஒட்டு விதை. அடுத்த பருவத்துக்கு எடுத்துவைக்க வேண்டாம். நீல அட்டை இருந்தால் சான்று விதை. வெளிர் பச்சை அட்டை இருந்தால் உற்பத்தியாளரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதை. பருத்தியில் சேர்த்த மரபணுவின் பெயரும், புகலிட விதை தனியாக இருக்கிறதா கலந்தே இருக்கிறதா என்ற குறிப்பும் அச்சாகியிருக்க வேண்டும். களைக்கொல்லி தெளித்தாலும் சாகாத பருத்தி என்று சொல்லி, அச்சிட்ட பெயரோ ரசீதோ இல்லாமல் கைமாறும் விதைக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. அது முளைக்காமல் போனாலும், வேறு ரகமாக இருந்தாலும் எந்த அலுவலகத்திலும் முறையிட வழியில்லை. முறையாக வாங்கிய விதைக்கு ரசீதையும், அட்டையோடு சேர்த்துக் காலிப் பொட்டலத்தையும், ஒரு கைப்பிடி விதையையும் அறுவடை முடியும்வரை வைத்திருங்கள். விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்க நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.